ஆறாவது மெழுகுக் கட்டை

இன்று காலை பாண்டிச்சேரிக்குப் போய் மேமோகிராம் எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த அறைக்குள் நுழைந்ததும் என் மூக்கு தானாக பிலிம் கழுவுகிற ஹைப்போ வாடையைத் தேடியது. ஏசிக் காற்றும் யாரோ பூசியிருந்த பவுடர் வாசனையும்தான் இருந்தன. டார்க் ரூம் கிடையாது, தொட்டி கிடையாது, ஈர பிலிமைக் கிளிப் போட்டு மாட்டுகிற கயிறு கிடையாது. எந்திரம் மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்தியது. "மூச்சப் புடிச்சிக்கோங்க ஆன்ட்டி" என்றாள் அங்கிருந்த பெண். அடுத்த நிமிடம் படம் திரையில் வந்துவிட்டது. இதைப் பார்க்க உனக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. வலியில் அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பயப்படாதே, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இடது பக்கத்தில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது. அதைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். உருண்டையாக, விளிம்பு சுத்தமாக, தனியாக நின்றது. "இது சாது, ஒண்ணும் பண்ணாது" என்றேன். அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, "நீங்க டாக்டரா ஆன்ட்டி?" என்று கேட்டாள். விழுப்புரத்தில் லேப் டெக்னீசியனாக இருந்தேன், என் கூட்டாளி ஒருத்தி திண்டிவனத்தில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தாள் என்றேன். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. 'இருந்தாள்' என்று சொல்ல என் நாக்கு இன்னும் பழகவில்லை.

நம் சிநேகம் சண்டையில்தான் ஆரம்பித்தது, ஞாபகம் இருக்கிறதா? உன் கிளினிக்கில் ஆபரேஷனில் எடுக்கிற சதைத் துண்டுகளை அழுகாமல் இருக்கப் பார்மலினில் போட்டு எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். ஆள் கிடைக்காத நாளில் நீயே பஸ்ஸில் கொண்டுவருவாய். முதல் தடவை நீ கொண்டுவந்தது பழைய ஊறுகாய் பாட்டில். மூடி சரியில்லாமல் பாதி பார்மலின் வழியிலேயே கொட்டியிருந்தது. இப்படியா கொண்டுவருவது என்று கேட்டேன். நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "கூட்டேரிப்பட்டுல பஸ்ஸ பள்ளத்துல உட்டுட்டான். நான் இன்னா, மூடியப் புடிச்சிக்கினே நிக்க முடியுமா? நாறுறது என் பொடவ, ஒன் லேபு இல்ல" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே என் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நீ பஸ் ஏறினாய்.

உனக்கு எதையும் உள்ளே பார்த்தாக வேண்டும். மிஞ்சின பிலிம் துண்டு கிடைத்தால் உன் கை சும்மா இருக்காது. நண்டு, பூட்டு, பிள்ளைத்தாச்சி ஓணான் என்று எல்லாவற்றையும் படம் பிடித்தாய். உடைக்காத மல்லாட்டையை வரிசையாக அடுக்கி, எதில் பருப்பு இருக்கிறது, எது பொக்கு என்று படத்திலேயே சொல்லிவிட்டு, பிறகு உடைத்துக் காட்டி ஜெயிப்பாய். மாடியில் இருந்த பல் டாக்டரிடம் கெஞ்சி வாங்கின இரண்டு விரல் அகல பிலிமில், நெஞ்சு எடுக்கிற பெரிய பிலிமைவிட நுணுக்கமாகப் படம் விழுகிறது என்று நீயாகவே கண்டுபிடித்தாய். நீ பார்ப்பது நிழல், நான் பார்ப்பது நிறம். நீ முழு ஆளையும் ஊடுருவிப் பார்ப்பாய். நான் தலைமுடியைவிட மெலிசாக ஒரு சீவல் சீவி, அதற்கு நீலமும் சிவப்பும் ஏற்றிப் பார்ப்பேன். இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்குமா என்பதுதான் நம் ஓயாத பேச்சாக இருந்தது.

எண்பதுகளின் பின்பாதியில் அது உன் வீட்டுக்குள்ளேயே சந்தித்தது. உன் அண்ணன் மனைவி லூர்து அண்ணி, மயிலம் பக்கம் சொந்த நிலத்தில் பாடுபடுகிறவர், நாற்பதுகூட ஆகவில்லை. ஒரு நாள் துவைக்கப் போட்ட ரவிக்கையில் ரத்தப் பொட்டைப் பார்த்திருக்கிறார். மறுநாளும் அதே இடத்தில் இருந்தது. வலி இல்லை. மார்புக் காம்பிலிருந்து அது கசிகிறது என்பதை உன்னிடம் சொல்வதற்கே அவருக்குப் பத்து நாள் ஆனது. உன் கிளினிக் சர்ஜன் எப்படித் தடவிப் பார்த்தும் கட்டி தட்டுப்படவில்லை. நம் பக்கம் யாரும் கண்ணால் பார்த்திராத மேமோகிராம் என்ற ஒன்றை எடுத்துவர, உன் அண்ணன் அவரை மெட்ராசுக்கு அழைத்துப்போனார்.

அந்த பிலிமை நீ என் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கொழுப்பு, அதற்குள் வெள்ளை வெள்ளையாக இழைகள். நீ பல் டாக்டரின் பூதக்கண்ணாடியை என் கையில் திணித்தாய். அப்போதுதான் தெரிந்தது. காம்புக்குப் பின்னால், ஒரு விரல் நகத்தின் நீளத்துக்கு, பொடிப்பொடியாக வெள்ளைத் துணுக்குகள். ஒன்று நீளம், ஒன்று கோணல், ஒன்று தூள். எதுவும் எதையும் போல இல்லை.

"நொய்யி மாதிரி ஒடஞ்சி ஒடஞ்சி கெடக்குது பாரு" என்றாய். "உருண்டையா, பெரிசா, அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு இருந்தா பயமில்லையாம். இது சின்னதா, கோணக்கோணையா, வரிசையா போயிக்கினு இருக்குது. நடுவுல கெள வேற பிரியுது. பால் வர்ற கொழாய்க்குள்ள இருந்தாத்தான்டி இப்பிடி வரிச வரும்."

எங்கேயோ இரவல் வாங்கின இங்கிலீஷ் புத்தகத்தை ஒரு வாரமாக நீ எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாய். அண்ணிக்கு என்ன ஆகுமோ என்ற பயம் உன் முகத்தில் இருந்தது. அதற்கு மேலே, இது என்னதான் என்று தெரிந்துகொள்கிற ஆவலும் இருந்தது. அதற்காக நீ வெட்கப்பட்டதையும் நான் பார்த்தேன். வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

சர்ஜன் அந்தக் குழாயை மட்டும் சுற்றியிருந்த சதையோடு எடுத்து அனுப்பினார். எங்கள் லேபுக்கு செவ்வாயும் வெள்ளியும் பாண்டிச்சேரியிலிருந்து வந்து ஸ்லைடு பார்க்கிற டாக்டர், வந்த சதை முழுவதையும் ஆறு துண்டாக வெட்டித் தந்தார். அதை மெழுகில் பதித்துச் சீவுவது என் வேலை. இந்தக் காலம் மாதிரி சீவிவிட்டுத் தூக்கிப்போடுகிற பிளேடு அப்போது கிடையாது. ஒரு முழக் கத்தி, அதை நாமே கல்லில் தீட்ட வேண்டும். அதற்கு முந்தின நாள்தான் மூன்று மணி நேரம் தோள்பட்டை கழலத் தீட்டி வைத்திருந்தேன்.

ஐந்து கட்டைகள் வெண்ணெய் மாதிரி சீவின. ஆறாவது கட்டையில் கத்தி கரகர என்றது. மெழுகு நாடாவில் குறுக்கே கோடு விழுந்து கிழிந்தது. எனக்குப் பகீர் என்றது. சதையை நினைத்து இல்லை, கத்தியை நினைத்து. பாட்டில்கள் வெளிப்புறமெல்லாம் ரோட்டுப் புழுதியோடுதான் வந்து சேரும். துண்டில் மணல் ஒட்டி வருவதும் எங்களுக்குப் புதிதில்லை. மணல்தான் என்று முடிவு கட்டி, அந்தக் கட்டையை எடுத்து மேசை டிராயரில் போட்டேன். உன் பூதக்கண்ணாடியில் நானே பார்த்த நொய் எனக்கு அந்த நேரத்தில் ஞாபகமே வரவில்லை. நீ பார்க்கிற நிழல் என் கத்தியில் சத்தம் போடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்று பல வருஷம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். யாரும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா அது!

வெள்ளிக்கிழமை டாக்டர் ஐந்து ஸ்லைடைப் பார்த்துவிட்டு ஆறாவது எங்கே என்றார். "வீணாயிடுச்சி சார்" என்றேன். அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. புற்றுநோய் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே ரிப்போர்ட் உன் கிளினிக்குக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை லேபைத் திறக்கும்போதே நீ வாசலில் நின்றாய்.

"ரிப்போர்ட்டப் படிச்சிக்கினேதான் வர்றேன். கேன்சர் இல்லன்னா சந்தோசம்தான். எங்க என் நொய்யி? அதப் பத்தி ஒரு வார்த்தகூட இல்லியே?"

"இருந்தாத்தானே எழுதுவாங்க?"

"பிலிம்ல இருக்குதுடி. பிலிமு பொய் சொல்லாது. ஒண்ணு டாக்டரு அத எடுக்காம உட்டுட்டாரு, இல்ல நீ அறுக்காம உட்டுட்ட. எல்லாத்தியும் அறுத்தியா?"

"அறுத்தாச்சி" என்றேன். உன் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். அப்போதே டிராயரைத் திறந்திருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். ஆனால் என் வேலையில் என்னைக் குறை சொல்ல விடமாட்டேன் என்ற திமிர். நீ ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாய். பிறகு, "அந்த மெழுகுக் கட்டைங்களக் கொண்டுகினு நாளைக்கு பூச முடிஞ்சதும் திண்டிவனம் வா. படம் புடிச்சிப் பாத்துருவோம்" என்றாய். மல்லாட்டையைப் படம் பிடித்தவளுக்கு மெழுகுக் கட்டை எம்மாத்திரம்!

ஞாயிற்றுக்கிழமை ஐந்து கட்டைகளையும் ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆறாவது என் கைப்பையில், கைக்குட்டைக்குள் இருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று கூட்டேரிப்பட்டு தாண்டியும் எனக்கே தெரியவில்லை. மூடிய கிளினிக்கில் நாம் இருவர்தான். நீ ஒவ்வொரு கட்டையையும் பல் பிலிம் மேல் கவிழ்த்து வைத்து, எந்திரத்தை இருக்கிறதிலேயே குறைந்த அளவுக்கு இறக்கிப் படம் பிடித்தாய். டார்க் ரூமின் சிவப்பு வெளிச்சத்தில் ஐந்து பிலிமும் வெறும் மூட்டமாக வந்தன. ஒரு துணுக்கும் இல்லை.

நீ பிலிமைக் கழுவிக்கொண்டே, "அப்ப டாக்டருதான் எடத்த உட்டுட்டாரு. திரும்பவும் அறுக்கணும். அண்ணி தாங்குமாடி? தையலே இன்னும் ஆறல" என்றாய். உன் குரல் உடைந்தது. என் வீம்புக்கு இன்னொருத்தி உடம்பில் கத்தி படப்போகிறது. அண்ணி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால், 'இல்லை' என்று எழுதின ரிப்போர்ட்டோடு வீட்டில் இருந்துவிடுவார். நான் பையைத் திறந்து கைக்குட்டையை உன் முன்னால் வைத்தேன்.

நீ என்னைப் பார்த்த பார்வையை இருட்டு மறைத்துவிட்டது. கட்டையை எடுத்துக்கொண்டு எந்திரத்துக்குப் போய்த் திரும்பி வந்தாய். டெவலப்பரில் அந்தச் சின்ன பிலிம் மிதந்தது. இருவரும் குனிந்து நின்றோம். சுற்றிலும் மெல்லக் கருத்துக்கொண்டே வந்தது. நடுவில் மட்டும் ஏழெட்டுத் துணுக்குகள் கருக்காமல் வெள்ளையாகவே நின்றன. நீளம், கோணல், தூள். மெட்ராஸ் பிலிமில் பார்த்த அதே வரிசை, அதே கிளை.

"அது மணல்னு நெனச்சிட்டேன்டி" என்றேன்.

"வாய்ல இன்னா, நேத்து கொழுக்கட்டையா வச்சிக்கினு இருந்த?" என்றாய். அப்புறம் நீ அழுதாய். நானும் அழுதேன். ஆனால் அழுதுகொண்டே நீ பூதக்கண்ணாடியை எடுத்துத் துணுக்குகளை எண்ண ஆரம்பித்ததை நான் கவனிக்காமல் இல்லை.

திங்கட்கிழமை நீ லீவு போட்டுவிட்டு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாய். கட்டை மேல் ஐஸ் வைத்து, ஈரப் பஞ்சு வைத்து, மூச்சு விடாமல் சீவினேன். கத்தி போயே போய்விட்டது. பத்துச் சீவலில் இரண்டு தேறின. நிறம் ஏற்றி, டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நாம் பார்த்தோம். அப்படிப் பார்க்கக்கூடாதுதான், பார்த்தோம்.

பால் குழாய் என்றால் உள்ளே இரண்டே வரிசை செல்லும் நடுவில் வெற்றிடமும் இருக்க வேண்டும். இங்கே குழாய் உப்பி, உள்ளே இடமே இல்லாமல் செல்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் கருவும் பெரிதாக, கருநீலமாக, ஒன்றைப் போல ஒன்று இல்லாமல் இருந்தது. சில இரண்டாகப் பிரிகிற நிலையிலேயே அகப்பட்டிருந்தன. நட்ட நடுவில் மட்டும் உயிரில்லாத சிவந்த குப்பை. அந்தக் குப்பைக்குள், என் கத்தி பட்டு நொறுங்கி, ஊதா நிறத்தில் கிடந்தன உன் நொய்கள். நீ பல் பிலிமை ஜன்னலில் பிடித்துப் பார்ப்பாய், ஓடிவந்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பாய், மறுபடி ஜன்னலுக்கு ஓடுவாய். "இதுதான் அதுவா? இதுவேதான் அதுவா?" என்று எத்தனை தடவை கேட்டாய்! ஒரே பொருளை நீ நிழலாகவும் நான் நிறமாகவும் வைத்திருந்தோம். என் தப்பெல்லாம் ஒரு நிமிடம் மறந்துபோய், எனக்கு உடம்பு சிலிர்த்தது.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். குழாயைச் சுற்றி நூல் மாதிரி ஓடின மெல்லிய சவ்வைக் காட்டினார். எங்கேயும் அறுந்திருக்கவில்லை. புற்றுநோய்தான், ஆனால் இன்னும் குழாயை விட்டு வெளியே வரவில்லை, இத்தனை சீக்கிரம் கிடைப்பதே அபூர்வம் என்றார். அவர் முடிக்கும் முன் நீ குறுக்கே புகுந்தாய்.

"சார், நடுவுல மட்டும் ஏன் சார் செத்துப் போயிருக்குது?"

ரத்தக் குழாய் எல்லாம் பால் குழாய்க்கு வெளியேதான் ஓடுகிறது, கூட்டம் பெருகப் பெருக நடுவில் இருப்பவற்றுக்கு ஊட்டம் எட்டாது, செத்த இடத்தில் சுண்ணாம்பு படிகிறது என்றார்.

"அப்ப பிலிம்ல நாங்க பாத்தது உசிரோட இருக்கறத இல்ல, அதுல செத்துப்போனத" என்றாய். டாக்டர் உன்னை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நீ எக்ஸ்ரே எடுக்கப் பிறந்தவள் என்று எனக்குத் தோன்றியது.

வீணானதாகச் சொன்ன கட்டை எப்படி வந்தது என்று அவர் கேட்டபோது நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ, "கெடைச்சிடுச்சி சார்" என்று சொல்லிவிட்டாய். அவர் மேலே கேட்கவில்லை.

அண்ணிக்குப் பாண்டிச்சேரியில் மார்பை எடுத்தார்கள். அக்குளில் எதுவும் பரவியிருக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து பேரன் பேத்தி எடுத்துவிட்டார். நீ திடீரென்று மாரடைப்பில் போக, அவர் இருந்து உனக்கு மண் போட்டார். இத்தனை வருஷமும் மாதா திருவிழாவுக்கு நான் வந்தால், "நீங்க ரெண்டு பேருந்தான் என்ன காப்பாத்தினீங்க" என்று என் தட்டில்தான் முதலில் பரிமாறுவார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். சொல்லிவிடட்டுமா என்று உன்னைக் கேட்டால், "ஒன் இஷ்டம்" என்பாய். சொல்லு என்றும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. நான் ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளினேன்.

உன் முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ இல்லாத வீட்டில் அந்த விஷயத்தை நான் ஒருத்தியாகச் சுமக்க முடியாது என்று தோன்றியது. டிராயர், மணல், 'அறுத்தாச்சி' என்ற பொய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்."

"எப்படி அண்ணி?"

"அந்த ஞாயித்துக்கெழம சாயங்காலமே வந்து சொல்லிட்டா. 'ஒரு துண்ட ஒதுக்கி வச்சிட்டு பயந்துக்கினு இருந்தா அண்ணி, கடசீல அவளேதான் எடுத்துக் குடுத்தா'ன்னா."

"கோவம் வரலியா உங்களுக்கு?"

"வராம? ஒன்னப் பாத்தாலே வந்துச்சி, ரெண்டு வருசம். அப்பறம் போயிடுச்சி."

"ஏன் அண்ணி ஒரு வார்த்த கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, எழுந்து சாப்பிட வரச் சொன்னார்.

அடிப்பாவி! எல்லாருக்கும் தெரிந்த ரகசியத்தை நான் ஒருத்தி மட்டும் பூட்டிவைத்துக் காவல் காத்திருக்கிறேன். சொல்லிவிட்டேன் என்று நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை? மூன்று மாதமாக இதைத்தான் யோசிக்கிறேன். நீ எதையும் உள்ளே பார்க்காமல் விடமாட்டாய். எனக்குள் அது இருப்பது உனக்குத் தெரியும், அது வெளியே வருமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பார்வையைத்தான் நான் இன்னும் என்னோடு வைத்திருக்கிறேன். இப்போது எதையாவது 'வீணாயிடுச்சி' என்று ஒதுக்கக் கை போனால், யாரும் இல்லாத அறையில்கூட அது என் மேல் படுகிறது.

பாண்டிச்சேரி, மேமோகிராம், அந்தப் பெண் எல்லாம் பேச்சை ஆரம்பிக்கச் சொன்னது. நான் எழுத உட்கார்ந்தது இந்த ஒரு சேதிக்காகத்தான். நீ கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பாய், முப்பது நாள் பிந்திவிட்டேன். அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.